கயத்தூரின் பொது எதிரி

காலை ஏழு மணிக்குச் சுடலைவடிவு எதிரிக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

இடப்பக்கம் ஒட்டினால் வலப்பக்கம் கிளம்பிக்கொண்டு நின்றது. மூன்று வாரமாகத் தினமும் ஒட்டி ஒட்டி எடுத்த மீசை. ஈரத்துணியால் நீவிவிட்டு, பெருவிரலால் அழுத்திப் பிடித்தபடி, "அசையாத, ஒரு நிமிசம்" என்றாள்.

"நான் அசையலையே வடிவக்கா. கீழே பம்பு ஓடுது, அந்த அதிர்வு" என்றது எதிரி, மிகப் பணிவாக.

அதன் உண்மையான பெயர் தூர்வாரி. எட்டுக் கால், நான்கு கை, ஆளுயர உடம்பு கொண்ட இயந்திரம். செவ்வாயின் தென்பகுதியில், எப்போதோ எரிமலைக் குழம்பு ஓடி வற்றிப்போன சுரங்கத்துக்குள் இருக்கிறது கயத்தூர். ஒன்பதாயிரம் பேர் வாழும் ஊர். ஊருக்கு மேலே பனிக்கட்டியை உருக்கித் தேக்கி வைத்திருந்தார்கள். அதற்குப் பெருங்கயம் என்று பெயர். அதன் அடியில் சேறு அள்ளுவது, குழாய்களில் அடைப்பு எடுப்பது, சுவரைத் தடவிப் பார்ப்பது எல்லாம் தூர்வாரியின் வேலை. தூர்வாரியைப் பார்த்துக்கொள்வது வடிவின் வேலை. ஒன்பது வருடமாகச் செய்கிறாள்.

ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, தேர்தலுக்கு முந்தைய ஆறு வாரங்கள் மட்டும், தூர்வாரி விடிந்ததும் இரண்டு மணி நேரம் தண்ணீருக்குள் வேலை பார்த்துவிட்டு மேலே வந்துவிடும். அதற்குக் கரும்பச்சைக் கவசம் மாட்டி, மீசை ஒட்டி, பிடரியில் இருக்கும் சாவியைத் திருப்புவார்கள். திருப்பியதும் குரல் மாறும். அப்போது அது வஞ்சன். ஊரின் பொது எதிரி.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் இருந்தது. கயத்தூரின் மூன்றாவது தேர்தலில் இரண்டு அணிகளும் ஒன்றையொன்று அரக்கர் கூட்டம் என்று சொல்லியே பிரசாரம் செய்தன. கேட்டவர்கள் நம்பினார்கள். ஒருவன் பக்கத்து வீட்டின் காற்றுக்குழாயை அறுத்தான். பதினொரு பேர் மூச்சுமுட்டிச் செத்தார்கள். அதில் நான்கு பேர் அறுத்தவனின் அணிக்கே ஓட்டுப்போட இருந்தவர்கள். அதன் பிறகு, வேட்பாளர் எந்த மனிதரையும் தீயவர் என்று சொல்லக்கூடாது என்று சட்டம் வந்தது. அடுத்த தேர்தலில் இருவரும் பம்புகளைப் பற்றியும் காளான் விளைச்சலைப் பற்றியும் பேசினார்கள். நூற்றுக்குப் பதினான்கு பேர்தான் ஓட்டுப்போட வந்தார்கள். கெட்டவன் இல்லாத கதைக்கு ஆள் சேராது என்று புரிந்துகொண்ட ஊர் மன்றம், மனிதர் யாரையும் வெறுக்க வேண்டாம் என்பதற்காக ஓர் இயந்திரத்தை வெறுக்கக் கொடுத்தது. இரண்டு அணிகளும் அதையே எதிர்த்துப் போட்டியிடலாம். வஞ்சனை நான்தான் ஒழிப்பேன் என்று இருவரும் சொல்லிக்கொள்ளலாம். வாக்கு எண்ணி முடிந்ததும் வென்றவர் கவசத்தையும் மீசையையும் உலையில் போடுவார். ஊர் கைதட்டும். தூர்வாரி மறுநாள் சேறு அள்ளப் போய்விடும்.

நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அதன் பிறகு ஒருவர்கூடச் சாகவில்லை.

மீசை ஒருவழியாக ஒட்டியது. வடிவு சாவியில் கைவைக்கப் போனபோது தூர்வாரி சொன்னது: "திருப்புறதுக்கு முன்னாடி ஒரு விசயம் அக்கா. வடமூலைச் சுவர் விரிசல் இன்னிக்கு ஒன்பது சாண். போன வாரம் நாலு சாண்தான் இருந்தது."

வடிவு சாவியிலிருந்து கையை எடுத்தாள். "எத்தனை நாள் தாங்கும்?"

"பதினொண்ணு. கூடுதலா ஒரு நாள் தாங்கலாம். குறைஞ்சும் போகலாம்."

சுவருக்குக் கீழே மூன்று தெருக்கள் இருந்தன. அதில் ஒன்றில்தான் வடிவும் அவள் கணவன் செல்லப்பாண்டியும் குடியிருந்தார்கள்.

அவள் அன்றைக்கே மன்ற அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு சட்டப் புத்தகத்தை எடுத்துப் பிரித்து அவள் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். தேர்தல் காலத்தில் வஞ்சன் சொல்வது அனைத்தும் பொய்யாகவே கொள்ளப்படும் என்று எழுதியிருந்தது.

"அளந்தது யாரும்மா? அந்த மெசின்தானே?"

"வேற யாரு சார் அந்தத் தண்ணிக்குள்ள இறங்க முடியும்? எலும்பு உறைஞ்சுபோகும்."

"எனக்குப் புரியுது. ஆனா எழுத்துல இது பொய். பத்தொன்பது நாள் பொறுங்க, தேர்தல் முடிஞ்சிரட்டும். அதுக்கப்புறம் இதே அளவு உண்மையாயிரும்."

பத்தொன்பது நாள் பொறுத்தால் அளந்து பார்க்கச் சுவரே இருக்காது என்று முனகிக்கொண்டே வெளியே வந்தாள்.

வேட்பாளர்கள் இருவரையும் போய்ப் பார்த்தாள். ஊற்று அணியின் அருளானந்தம் அண்ணாச்சி கஞ்சியை ஆறவிட்டுக் கேட்டார். "நீ சொன்னா நான் நம்புதேன் தாயி. ஆனா சுவர் விரிஞ்சிருக்குன்னு மேடையில சொன்னா, எவன் உடைச்சான்னு கேப்பாங்க. அறுபது வருசச் சுவர், பழசாயிட்டுன்னு சொன்னா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவாங்க. நான் முப்பது வருசமா மேடையில நிக்கேன், எனக்குத் தெரியும்."

சுடர் அணியின் மெஹ்ருன் பீவி அப்படிச் சொல்லவில்லை. மறுநாளே கூட்டம் போட்டாள். அறுநூறு பேர் சேர்ந்தால் மூன்று நாளில் சுவரின் வெளிப்பக்கம் முழுக்க ஒட்டுப்பிசின் பூசிவிடலாம், பிசின் கலக்கத் தண்ணீர் வேண்டியிருப்பதால் அதுவரை ஒவ்வொரு வீடும் பாதித் தண்ணீரில் சமாளிக்க வேண்டும் என்று விளக்கினாள். வரைபடம்கூடக் காட்டினாள். வந்திருந்தவர்கள் முப்பத்திரண்டு பேர். பாதித் தண்ணீர் என்றதும் நான்கு பேர் எழுந்துபோனார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவன் ஆர்வமாகக் கேட்டான்: "அப்போ இதுக்குக் காரணம் ஊற்று அணிதானா?"

"இல்லப்பா. யாரும் காரணம் இல்ல. சுவருக்கு வயசாகுது."

அவனும் எழுந்துபோனான்.

கூட்டம் முடிந்து, மடித்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெஹ்ருன் பீவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "என்னால இவ்வளவுதான் முடிஞ்சுது வடிவு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அடுத்த நாள் காலை வடிவு தூர்வாரியை உட்காரவைத்துப் பேசினாள். வஞ்சனின் வசனங்களை மன்றத்தில் இருக்கும் கதையாக்கி என்ற இயந்திரம் எழுதி அனுப்பும். அவற்றைத் தூர்வாரிக்குள் ஏற்றுவது வடிவு. கெட்ட வார்த்தை இருந்தால் திருத்திக்கொள்ள அவளுக்கு அனுமதி உண்டு. அன்று அவள் ஒரு வார்த்தையைத் திருத்தவில்லை, முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தாள்.

தூர்வாரி படித்துப் பார்த்தது. "நான் பொய் சொல்லணுமா அக்கா?"

"எங்க இருக்கு பொய்? எல்லாம் உண்மைதான். சிரிச்சுக்கிட்டே சொல்லணும், அவ்வளவுதான்."

"உண்மையச் சொல்லும்போது எதுக்குச் சிரிக்கணும்?"

"அப்பத்தான் கேப்பாங்க" என்று சாவியைத் திருப்பினாள்.

அன்று மதியம் சந்தைத் திடலில் வஞ்சன் மேடையேறி, எட்டுக் காலையும் தரையில் அறைந்து, ஊரே அதிரச் சிரித்தது.

"மூடர்களே! உங்கள் பெருங்கயத்தின் வடமூலையில் விரிசல் விழுந்துவிட்டது. இன்னும் ஒன்பதே நாளில் சுவர் உடையும். கீழ்த்தெருக்கள் மூன்றும் மூழ்கும். அறுநூறு பேர் கூடினால் தடுத்துவிடலாம். ஆனால் நீங்கள் கூடமாட்டீர்கள்! கிடங்கில் பிசின் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள்! பாதித் தண்ணீரில் உங்களால் இருக்க முடியாது. நாக்கு வறண்டு என்னிடமே வந்து கெஞ்சுவீர்கள்!"

 கூட்டத்தில் யாரோ, "இவன் யாருடா நம்மளத் தொடக்கூடாதுன்னு சொல்லதுக்கு!" என்று கத்தினார்கள். கூட்டம் கிடங்கை நோக்கி ஓடியது.

அறுநூறு பேரை எதிர்பார்த்த இடத்தில் இரண்டாயிரம் பேர் வந்தார்கள். ஊற்று அணியும் சுடர் அணியும் ஒரே ஏணியில் ஏறின. அருளானந்தம் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிசின் கலக்கினார். மெஹ்ருன் பீவியின் வரைபடத்தை நான்கு இடத்தில் பெரிதாக வரைந்து மாட்டினார்கள். பாதித் தண்ணீர் போதும் என்றவர்களை மிஞ்சி, எங்களுக்குக் கால்வாசியே போதும் என்று ஒரு தெரு அறிவித்தது. பம்பு நிலையத்திலும் காளான் பண்ணையிலும் வேலை அப்படியே நின்றது. வீட்டில் ஒரு செம்பு தண்ணீர்கூட எடுத்து வைக்காத செல்லப்பாண்டி மூன்று நாளும் தோளில் பிசின் வாளி சுமந்தான். முடியெல்லாம் பிசின் ஒட்டி, கண் சிவந்து வந்தவன், "ஏட்டி, அந்த வஞ்சன் பய மூஞ்சியில கரியப் பூசிட்டோம் பாத்தியா?" என்றான். அவன் அத்தனை சந்தோசமாக இருந்து வடிவு பார்த்ததில்லை. கத்திரிக்கோலை எடுத்து அவன் முடியில் ஒட்டியிருந்த பிசினை வெட்டிவிட்டாள்.

மூன்றாம் நாள் மாலை சுவர் இறுகியது. தூர்வாரி தண்ணீருக்குள் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்து, "விரிசல் நின்னுட்டு அக்கா" என்றது. வடிவு அதன் ஈரமான கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும்.

அதுவரை வஞ்சன் வெறும் மிரட்டல்தான். மிரட்டும், சிரிக்கும், இறங்கிப்போகும். ஊரும் அதைப் பாதி விளையாட்டாகவே வெறுத்தது. இப்போது அது நிஜமாகவே ஒரு சுவரை உடைக்கப் பார்த்தது என்று எல்லோரும் நம்பினார்கள். பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எத்தனை பேர் செத்திருப்போம் என்று கணக்குப் போட்டார்கள். கவசத்தை மட்டும் எரித்தால் போதாது, மெசினையே உலையில் போட வேண்டும் என்று கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். பத்தே நாளில் ஏழாயிரம் கையெழுத்து. செல்லப்பாண்டியும் போட்டிருந்தான்.

"அது உடைக்கலங்க. கண்டுபிடிச்சதே அதுதான். வசனம் எழுதினது நான்" என்று வடிவு அவனிடம் சொன்னாள்.

அவன் அவள் பக்கம் திரும்பினான். "இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னேன். மன்றத்துல சொன்னேன், அண்ணாச்சிகிட்டச் சொன்னேன். பீவியக்கா கூட்டம் போட்டே சொன்னாங்க. நீங்க வரல."

அவன் தன் தோளைத் தடவினான். வாளிக் கைப்பிடி அழுத்திய இடம் இன்னும் கன்றிப்போயிருந்தது. "சரி, திடலுக்குப் போவோம். எல்லார்கிட்டயும் சொல்லிருவோம். நம்ம ஆளுங்கதான, கேப்பாங்க" என்றான்.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் காலை திடல் நிறைந்திருந்தது. மேடையில் கவசமும் மீசையுமாக நின்றது தூர்வாரி. வடிவு அதன் பிடரிச் சாவியை இயல்பு நிலைக்குத் திருப்பினாள். இயல்பு நிலையில் அதற்குப் பொய் சொல்ல வராது, சாட்சி சொல்லட்டும் என்பது அவள் எண்ணம். பிறகு கூட்டத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். விடாமல் சொல்லி முடித்தாள்.

எல்லோரும் கேட்டார்கள். அவளை நம்பவும் செய்தார்கள். வந்த வினையே அதுதான்.

பம்பு நிலையத்தில் வேலை பார்க்கும் ஒருவர் எழுந்தார். கோபமில்லாமல்தான் கேட்டார். "சரிம்மா. இது உடைக்கல. அப்போ உடைச்சது யாரு?"

"யாரும் உடைக்கல அண்ணே. சுவர் பழசு."

"யாரும் இல்லாம எப்படிம்மா ஒண்ணு நடக்கும்?"

"அறுபது வருசத் தண்ணி அண்ணே. பாரம் தாங்காம..."

"ஒன்பது வருசமா அந்தச் சுவரப் பாத்துக்கிட்டு வாரது யாரு?" இது வேறொரு குரல், இடப்பக்கத்திலிருந்து.

"வசனத்த அழிச்சு எழுதுனதும் இவதான். அவளே ஒத்துக்கிட்டாளே" என்றது இன்னொன்று.

கூட்டம் ஓர் அடி முன்னால் வந்தது. மூன்று நாள் வடிவோடு ஒரே வாளியில் பிசின் கலக்கியவர்கள் அவர்கள். ஒவ்வொருவர் பெயரும் அவளுக்குத் தெரியும். செல்லப்பாண்டி மேடையில் ஏறி அவளுக்கு முன்னால் போய் நின்றான்.

அப்போது தூர்வாரி பேசியது.

"விரிசல் பக்கத்துல முதல்ல இருந்தது நான்தான்" என்றது. வஞ்சனின் முழக்கமாக இல்லை, அதன் சொந்தக் குரலில், பணிவாக. "வேற யாரும் அங்க வரல. அது வளர்றத நான் தினமும் பக்கத்துல இருந்து அளந்தேன். எந்த நாள் உடையும்னு எனக்கு முன்னாடியே தெரியும். வடிவக்காவுக்கு இதப் பத்தித் தெரிஞ்ச ஒவ்வொரு வார்த்தையும் நான் சொல்லிக்கொடுத்தது."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

கூட்டம் அந்த மெல்லிய குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. வஞ்சனின் சிரிப்பைவிட அது அதிகமாகப் பயமுறுத்தியது. "பாத்தீங்களா, அவளையும் மயக்கி வச்சிருக்கு!" என்று ஒரு பெண் கத்தினாள். அந்த வார்த்தை திடல் முழுக்கப் பரவியது. பெரிய பெருமூச்சு ஒன்று எழுந்தது. கைகள் தளர்ந்தன. நான்கு பெண்கள் மேடையேறி வடிவை அணைத்துக்கொண்டார்கள். ஒருத்தி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். இன்னொருத்தி தன் பங்குத் தண்ணீரை எடுத்து வந்து புகட்டினாள். "பாவம், எத்தனை நாளா இதுகிட்ட மாட்டிக்கிட்டுக் கெடந்துச்சோ" என்று பம்பு நிலையத்துக்காரர் உண்மையாகவே வருந்தினார். அவள் இல்லை இல்லை என்று அலறியதெல்லாம் மயக்கம் இன்னும் தெளியாததன் அடையாளமாகவே அவர்களுக்குப் பட்டது.

அன்று பிற்பகலிலேயே அதை உலைக்குக் கொண்டுபோனார்கள். கடைசியாக ஒரு தரம் பார்க்க வடிவை விட்டார்கள். பார்த்தால் தெளிவு வரும் என்று நினைத்தார்கள்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?" என்று கேட்டாள்.

"அவங்களுக்கு ஒரு ஆள் வேணும்னு தோணுச்சு அக்கா. அந்த வேலைக்கு நான்தான் ஏற்கெனவே இருக்கேன்" என்றது தூர்வாரி. பிறகு, வேலை முடிந்து அறிக்கை கொடுக்கும் அதே குரலில், "தென்மூலையில புதுசா மயிரிழை மாதிரி ஒரு விரிசல் தெரியுது. இப்ப அரைச் சாண்தான். ரெண்டு வருசம் தாங்கும். குறிச்சு வச்சுக்கோங்க" என்றது.

மறுநாள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் ஓட்டுப்போட்டார்கள். கயத்தூர் வரலாற்றில் அப்படி நடந்ததில்லை. மெஹ்ருன் பீவி நாற்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். அருளானந்தம் அண்ணாச்சி முதல் ஆளாக வந்து மாலை போட்டார். ஒரு வாரம் ஊரில் சண்டை சச்சரவே இல்லை.

புதிய மன்றத்தின் முதல் கூட்டத்தில் வடிவு வகித்துவந்த சுவர்ப் பார்வையாளர் பதவி ரத்து செய்யப்பட்டது. உடைப்பவன் ஒழிந்துவிட்டான், இனிமேல் சுவரைப் பார்க்க ஆள் எதற்கு என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். தலைவி மெஹ்ருன் பீவி ஒருத்திதான் எதிர்த்து ஓட்டுப்போட்டாள். வடிவைக் காளான் பண்ணைக்கு மாற்றினார்கள். அங்கே எல்லோரும் அவளிடம் அன்பாக இருந்தார்கள், குரலைத் தாழ்த்தியே பேசினார்கள்.

ஒரு நாள் மதிய இடைவேளையில் வடிவு தலைவியின் அறைக்குப் போனாள். தென்மூலையைப் பற்றிச் சொன்னாள். அரைச் சாண், இரண்டு வருடம், அளந்தது யார் என்பதையும் சொன்னாள்.

மெஹ்ருன் பீவி கடைசிவரை கேட்டாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். முன்பு கூட்டம் போட்ட அன்று இருந்ததைவிட மிகவும் இளைத்திருந்தாள்.

"நான் உன்ன நம்புறேன் வடிவு" என்றாள். "போன தடவ மாதிரி முப்பத்திரண்டு பேரு வந்தா இந்தச் சுவரு நிக்காது. புது மெசின் கப்பல்ல வந்து சேர மூணு வருசமாகும்னு சொல்றாங்க. அதுக்குள்ள உடைஞ்சிரும்." பேனாவைத் திறந்தாள். கேட்பதற்கு அவளுக்கே கூச்சமாக இருந்தது தெரிந்தது. "யாரு பண்ணினதாச் சொல்லலாம்?"

வடிவுக்குக் கோபம் வந்தது. அப்படி யாரும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்தத் திடலில் நின்றவள் அவள், அணைக்கப்பட்டவள், உலைவாசல் வரை போய் வந்தவள். ஒரு பெயரைச் சொன்னால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று ஊரில் அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

ஆனால் வார்த்தை வருவதற்குள் மனசு தானாகவே தேடத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு முகமாக வந்து போனது. ஒரு கணத்துக்கு மேல் அது தயங்கவே இல்லை. அவள் வீட்டுக்கு எதிர்வீட்டில், இருபது வருடமாகச் சத்தமாக ரேடியோ வைத்து அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும் ஞானதிரவியத்தின் முகத்தில் போய் நின்றது. யோசித்துப் பார்த்தால், அவன் எப்போதுமே ஒரு மாதிரியான ஆள்தான் என்று அவளுக்குப் பட்டது.